இதை யார் எழுதினா?

சென்ற ஆண்டு தீபாவளிக்குப் புனேயில் மகன் வீட்டில் இருந்தேன். ஆறாம் வகுப்புப் படிக்கும் பேரனுக்குப் பள்ளியில் ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். அவரவர் பூர்வீக ஊரைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வரவேண்டும். ஊரில் பிறந்து வளர்ந்த தாத்தா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்க, அவன் போனைக் கேட்டான். விக்கிப்பீடியாவில் எங்கள் தாலுகா தலைநகரைப் பற்றி ஒரு கட்டுரை கிடைத்தது. மக்கள்தொகை, கோயில், ரயில் நிலையம் என்று எல்லாம் ஒழுங்காக இருந்தன. பாதி எழுதிக்கொண்டிருந்தவன் திடீரென்று நிமிர்ந்து, "தாத்தா, இதை யார் எழுதினா?" என்றான்.

"தெரியலையேடா."

"தெரியாதவா எழுதினதுன்னா சரியா இருக்குமா?"

ஏறக்குறைய நாற்பது வருஷம் ஆபீஸில் ஃபைல் பார்த்தவன் நான். கையெழுத்தும் தேதியும் இல்லாத குறிப்பை நம்பாதே என்று எனக்குக் கீழே வேலை பார்த்த பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன். தினமும் நாலு தடவை அந்தக் களஞ்சியத்தைப் புரட்டிப் பார்க்கிற நான் ஒரு நாளும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பிறகு சில மாதங்கள் இதைப் பற்றிப் படித்தேன். அப்படிப் படித்ததை நம் அங்கத்தினர்களோடு பகிர்ந்துகொள்ளலாம் என்று தோன்றியது.

உலகத்து விஷயங்களையெல்லாம் அகர வரிசையில் ஒரே இடத்தில் சேர்த்து வைக்கும் ஆசை பழையது. நம் மொழியில் அதை முதலில் பெரிய அளவில் செய்து காட்டியவர் ஆ. சிங்காரவேலு முதலியார். சென்னையில் தமிழாசிரியராக இருந்தவர். புராணப் பெயர்கள், அரசர்கள், புலவர்கள், ஸ்தலங்கள், மூலிகைகள், சாஸ்திரங்கள் என்று ஒற்றை ஆளாக வருஷக்கணக்கில் திரட்டினார். அச்சிட ஆள் கிடைக்கவில்லை. கடைசியில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் கைகொடுக்க, 1910ல் 'அபிதான சிந்தாமணி' வெளிவந்தது. விரிவுபடுத்திய இரண்டாம் பதிப்பு 1934ல் வந்தபோது ஆசிரியர் காலமாகியிருந்தார். அந்தப் புத்தகத்தில் தப்பு இருந்தால் யாரைக் கேட்பது என்பதில் குழப்பமே கிடையாது. முகப்பில் பெயர் இருக்கிறது.

பலர் கூடி எழுதுவது என்பதும் கம்ப்யூட்டர் வந்தபிறகு பிறந்த யோசனை இல்லை. பிரான்ஸில் 1751ல் தொடங்கி 1772 வரை வெளிவந்த கலைக்களஞ்சியத்தில் நூற்று நாற்பது பேருக்கு மேல் எழுதினார்கள். அதன் பிரதம ஆசிரியர் திதரோ கத்தி செய்யும் தொழிலாளியின் மகன். தொழில்களைப் பற்றி எழுத வேண்டி வந்தபோது அவரும் அவருடைய ஆட்களும் பட்டறைகளுக்கே போய், தறிக்காரரையும் கண்ணாடி ஊதுபவரையும் கேட்டுக் கேட்டுக் குறிப்பெடுத்தார்கள். பதினேழு தொகுதி எழுத்து, பதினொரு தொகுதி படங்கள். படத்தொகுதிகளைப் பார்த்தால் பட்டறையும் கருவியும் கையும் அப்படியே இருக்கும். ஆனால் கேட்டுச் சொன்ன தொழிலாளிகள் பெரும்பாலோரின் பெயர் கிடையாது. அறிவு அவர்களுடையது, கையெழுத்து வேறொருவருடையது. இந்தச் சங்கடத்தை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மறுபடி வரும்.

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியும் இப்படித்தான். 1879ல் ஜேம்ஸ் மர்ரே பொதுமக்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தார். நீங்கள் படிக்கும் புத்தகத்தில் வரும் சொற்களை, வந்த வாக்கியத்தோடு ஒரு சீட்டில் எழுதி அனுப்புங்கள் என்று. லட்சக்கணக்கில் சீட்டுகள் குவிந்தன. அதிகம் அனுப்பியவர்களில் ஒருவர் கொலைக் குற்றத்துக்காக மனநோய்க் காப்பகத்தில் அடைபட்டிருந்த அமெரிக்க ராணுவ டாக்டர் மைனர். காசு வாங்காமல், முகம் தெரியாமல், ஓர் ஓரத்தில் உட்கார்ந்து சீட்டு எழுதியவர்களால்தான் அந்த அகராதி 1928ல் முடிந்தது.

நாம் பெருமைப்பட வேண்டியது ஒன்று உண்டு. சுதந்திரம் வந்த கையோடு தமிழில் ஒரு கலைக்களஞ்சியம் வேண்டும் என்று கல்வி மந்திரியாக இருந்த தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார் முனைந்தார். தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் சார்பில் 1954 முதல் 1968க்குள் பத்துத் தொகுதிகள் வந்தன. முதன்மை ஆசிரியர் பெரியசாமித் தூரன். ஸபாக்களில் இன்றைக்கும் துக்கடாவாகவும் சில சமயம் முழுக் கீர்த்தனையாகவும் நாம் கேட்டு ரசிக்கும் அதே தூரன்தான். விஞ்ஞானம் முதல் நாட்டியம் வரை அந்தந்தத் துறைப் பண்டிதர்களைத் தேடிப் பிடித்து எழுத வைத்தார். இது பண்டிதர் முறை. தெரிந்தவர் எழுதுவார், மற்றவர் படிப்பார்.

விக்கிப்பீடியாவும் பண்டிதர் முறையில்தான் தொடங்கியது என்பது பலருக்குத் தெரியாது. 2000 மார்ச்சில் அமெரிக்காவில் ஜிம்மி வேல்ஸ் என்பவர் 'நியூபீடியா' என்ற இணையக் களஞ்சியத்தை ஆரம்பித்தார். தத்துவத்தில் டாக்டர் பட்டம் பெற்ற லாரி சாங்கர் அதற்கு ஆசிரியர். ஒவ்வொரு கட்டுரையும் ஏழு கட்டப் பரிசீலனையைத் தாண்ட வேண்டும். நம் பென்ஷன் ஃபைல் மாதிரி! 2003ல் அதை மூடும்வரை முழுமையாகத் தேறி வெளிவந்தவை சுமார் இரண்டு டஜன் கட்டுரைகள்.

இதற்கிடையில் வார்டு கன்னிங்ஹாம் என்ற நிரலாளர் 1995லேயே ஒரு சிறிய வசதியைச் செய்து வைத்திருந்தார். இணையப் பக்கத்தைப் பார்க்கிற எவரும் அங்கேயே அதைத் திருத்தலாம். ஹவாய்த் தீவின் விமான நிலையத்தில் ஓடிய 'விக்கி விக்கி' பஸ்ஸின் பெயரை அதற்கு வைத்தார். அந்த மொழியில் விக்கி என்றால் சீக்கிரம். 2001 ஜனவரியில் ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது சாங்கரிடம் நண்பர் ஒருவர் இதைச் சொல்ல, பண்டிதர்களுக்குப் போகுமுன் கரடுப் பிரதி தயாரிக்க இது உதவுமே என்று நினைத்தார்கள். ஜனவரி 15 அன்று விக்கிப்பீடியா திறந்தது. அந்த வருஷ முடிவில் சுமார் இருபதாயிரம் கட்டுரைகள், பதினெட்டு மொழிகள். சமையலறையில் காய் நறுக்க வந்தவர்களே பந்தியும் நடத்திவிட்டார்கள்.

அது நடக்கும் விதத்தைப் பேரனோடு சேர்ந்துதான் நானும் கற்றுக்கொண்டேன். ஒவ்வொரு கட்டுரைக்கும் மேலே 'வரலாறு' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் அந்தக் கட்டுரையில் முதல் நாள் முதல் யார், எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எந்த வரியை மாற்றினார் என்பது முழுக்க வருகிறது. பழைய வடிவம் எதுவும் தொலைவதில்லை. யாராவது விஷமம் செய்தால் மற்றொருவர் ஒரே அழுத்தலில் முந்தைய நிலைக்குத் திருப்பிவிடலாம். பக்கத்திலேயே 'உரையாடல்' என்று இன்னொன்று. அங்கே எழுதியவர்கள் தங்களுக்குள் வாதாடுகிறார்கள். நான் பார்த்த ஒரு பக்கத்தில் கட்டுரையை விட வாக்குவாதம் நீளம். பதிவு செய்துகொண்ட பயனர்களே நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சம்பளம் கிடையாது. விளம்பரமும் கிடையாது. நன்கொடையில் ஓடுகிறது. 2003 முதல் லாப நோக்கில்லாத ஓர் அறக்கட்டளை கட்டடத்துக்குச் சொந்தக்காரர் மாதிரி இருக்கிறது. உள்ளே என்ன எழுதுவது என்பதைக் குடியிருப்பவர்களே பார்த்துக்கொள்கிறார்கள்.

ஆக, ஃபைல் நோட்டிங் இருக்கிறது. இனிஷியலும் தேதியும் இருக்கின்றன. ஆனால் அந்த இனிஷியல் ஒரு புனைபெயர். எங்கள் தாலுகா தலைநகர் கட்டுரையில் ஒன்பது பேர் கைவைத்திருந்தார்கள். ஒருவர் பெயரும் மனிதப் பெயராக இல்லை. இரண்டு பேர் மனிதர்களே இல்லை, தானாக எழுத்துப்பிழை திருத்தும் நிரல்கள்.

இப்படி இருந்தால் பொய் புகாதா? புகுந்திருக்கிறது. 2005 மே மாதம் ஜான் சீகன்தாலர் என்ற மூத்த அமெரிக்கப் பத்திரிகையாளரைப் பற்றிய கட்டுரையில், கென்னடி சகோதரர்களின் கொலையில் அவர்மேல் சந்தேகம் இருந்ததாக ஒருவர் விளையாட்டாக எழுதிவிட்டுப் போனார். நாலு மாதத்துக்கு மேல் அது அப்படியே இருந்தது. ராபர்ட் கென்னடியிடம் வேலை பார்த்து, அவருக்கு நண்பராக இருந்த மனிதருக்கு அது எப்படி இருந்திருக்கும்! அந்த ஆண்டு நவம்பரில் அவர் நாளிதழில் மனம் நொந்து எழுதிய பிறகுதான், ஆங்கில விக்கிப்பீடியாவில் புதுக் கட்டுரை தொடங்குவதற்குப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற கட்டுப்பாடு வந்தது.

ஆனால் அடுத்த மாதமே 'நேச்சர்' விஞ்ஞான இதழ் ஒரு பரீட்சை நடத்திப் பார்த்தது. 42 விஞ்ஞானக் கட்டுரைகளை எடுத்து, விக்கிப்பீடியாவிலும் பிரிட்டானிகாவிலும் உள்ளவற்றை எது எதிலிருந்து வந்தது என்று சொல்லாமல் நிபுணர்களிடம் கொடுத்தார்கள். விக்கிப்பீடியாவில் 162 பிழைகள், பிரிட்டானிகாவில் 123. பெரிய பிழைகள் இரண்டிலும் சமம், நாலு நாலு. பிரிட்டானிகா இந்தப் பரீட்சையையே குறை சொல்லி நீண்ட மறுப்பு எழுதியது. அதில் நியாயமும் இருக்கலாம். ஆனாலும் 1768ல் எடின்பரோவில் தொடங்கிய அந்தக் களஞ்சியத்தின் அச்சுப் பதிப்பு நின்றுபோவதாக 2012ல் அறிவித்துவிட்டார்கள். தோல் அட்டை போட்டு, தவணையில் பணம் கட்டி, ஷோகேஸில் வைத்த அந்தத் தொகுதிகள் நம்மில் பலர் வீட்டில் இன்னும் இருக்கும். என் மச்சினர் வீட்டில் அதன்மேல் தஞ்சாவூர் பொம்மை நிற்கிறது.

சரியா தப்பா என்பதைப் பற்றி என் கவலை இப்படிப் பாதி தீர்ந்துவிட்டது. மீதிப் பாதி வேறு விதமானது. ஒரு விஷயம் அந்தக் களஞ்சியத்துக்குள் நுழைவதற்கு முதலில் என்ன வேண்டும்?

அடிப்படை விதிகள் மூன்று. நடுநிலை வேண்டும். சொந்த ஆராய்ச்சி கூடாது. எழுதுகிற ஒவ்வொன்றுக்கும் ஏற்கெனவே வெளியான, நம்பத்தக்க ஆதாரம் வேண்டும். முகம் தெரியாதவர்கள் எழுதும் இடத்தில் மூன்றாவது விதி இல்லாவிட்டால் ஒரு நாள் தாக்குப்பிடிக்காது. எழுதுபவர் பேராசிரியரா, பள்ளிப் பிள்ளையா என்று அவர்கள் கேட்பதில்லை. புத்தகம் எங்கே, பக்கம் எங்கே என்று மட்டும் கேட்கிறார்கள். தான் இறையியல் பேராசிரியர் என்று சொல்லிக்கொண்டு வாதங்களில் ஜெயித்துவந்த ஒரு நிர்வாகி, உண்மையில் 24 வயது இளைஞர், உயர் பட்டம் எதுவும் கிடையாது என்று 2007ல் வெளிப்பட்டபோது இந்த விதியின் அருமை புரிந்தது.

ஆனால் இந்த விதிக்கு இன்னொரு பக்கம் உண்டு. 2018 அக்டோபர் 2 அன்று கனடாவின் டோனா ஸ்ட்ரிக்லாண்டுக்கு பௌதிக நோபல் பரிசு அறிவித்தார்கள். அந்தப் பரிசு பெற்ற மூன்றாவது பெண்மணி. அன்று காலைவரை விக்கிப்பீடியாவில் அவரைப் பற்றிக் கட்டுரை இல்லை. அந்த ஆண்டு மே மாதம் ஒருவர் எழுதி அனுப்பிய வரைவை, அவரைப் பற்றி மற்றவர்கள் போதுமான அளவு எழுதவில்லை என்ற காரணத்தால் திருப்பியிருந்தார்கள். விதிப்படி அது தப்பில்லை. செய்தித்தாள்கள் அவரை எழுதவில்லை, ஆகவே களஞ்சியமும் எழுதவில்லை. எழுதுபவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்று அவர்களே நடத்திய கணக்கெடுப்புகளில், பத்துக்கு ஒருவர் இருவர் என்றே வந்திருக்கிறது.

நம் பக்கத்திலேயே ஓர் உதாரணம். கேரளத்தில் பிள்ளைகள் 'டப்பா களி' என்று ஒரு விளையாட்டு ஆடுகிறார்கள். பெயரைக் கேட்டாலே நம்மூர்ப் பிள்ளைகளும் சிரிப்பார்கள். ஆடியவர்கள் லட்சக்கணக்கில் இருக்க, அதை விவரித்து அச்சான புத்தகம் இல்லை. 2011ல் பெங்களூரைச் சேர்ந்த அசல் பிரபலா என்பவர், இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் கிராமங்களுக்குப் போய், தெரிந்தவர்கள் வாயால் சொல்லுவதைப் பதிவு செய்து, அந்த ஒலிப்பதிவையே ஆதாரமாகக் காட்டிக் கட்டுரை எழுதலாமே என்று செய்து காட்டினார். 'மக்களே அறிவு' என்ற பொருள்படும் பெயரில் ஆவணப்படமும் எடுத்தார். ஆதரித்தவர்களும் உண்டு. ஆனால் ஒருவர் சொல்லுகிறார் என்பதை ஏற்றுக்கொண்டால் நாளைக்கு எவரும் எதையும் சொல்லிப் பதிவு செய்துகொண்டு வருவாரே என்று மறுத்தவர்கள் கையே ஓங்கியது. மறுத்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. அந்த நாற்காலியில் என்னை உட்கார வைத்திருந்தால் நானும் அப்படித்தான் நோட் போட்டிருப்பேன்.

வேதத்தை எழுதாக் கிளவி என்று சொல்லி, வாயால் வாங்கிக் காதால் காப்பாற்றிய வழியில் வந்த நமக்கு இது கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும். கனம் சொல்லுகிறவரின் ஞாபகம் எந்த அச்சுப் பிரதியை விடவும் பிழையற்றது என்று நாம் நம்புகிறோம். அது வேறு, இணையத்தில் யாரோ சொல்லுவது வேறு என்று சிலர் சொல்லக்கூடும். உண்மைதான். வித்தியாசம் என்னவென்றால், ஒன்றில் பிழை பார்க்கப் பரீட்சை உண்டு, மாணவனைத் திருத்த வாத்யார் உண்டு. டப்பா களிக்கு வாத்யார் யார்?

அச்சு என்ற வாசல் யாருக்கு எப்போது திறந்தது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. முத்துஸ்வாமி தீக்ஷிதர் க்ருதிகளை எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனையோ காலம் சிஷ்ய பரம்பரையில் மட்டும் இருந்தவை. ஏ.எம். சின்னஸ்வாமி முதலியார் என்ற சென்னைக்காரர், மதத்தால் கிறிஸ்தவர், இவை அழிந்துபோகக் கூடாது என்று சுப்பராம தீக்ஷிதரைப் பிடித்துக் கெஞ்சினார். எட்டயபுரம் சமஸ்தானம் செலவை ஏற்றது. 1904ல் 'ஸங்கீத ஸம்ப்ரதாய ப்ரதர்சினி' தெலுங்கு லிபியில் அச்சாயிற்று. இன்று உலகத்தின் எந்த மூலையில் யார் ஒரு தீக்ஷிதர் க்ருதியைப் பற்றிக் களஞ்சியத்தில் எழுதினாலும், கீழே ஆதாரம் காட்ட அந்தப் புத்தகம் இருக்கிறது. அதே காலத்தில் அதே தஞ்சாவூர் ஜில்லாவில் ராத்திரி முழுக்க ஒரே ராகத்தை வாசித்த நாகஸ்வர வித்வான்களின் வீட்டில் இருந்த ஞானத்தில் எவ்வளவு அச்சேறியது? ஸபாவும் பத்திரிகையும் விமரிசனமும் புத்தகமும் அன்று பெரும்பாலும் நம்மவர்கள் கையில் இருந்தன. எதை எழுதுவது, யாரை எழுதுவது என்று முடிவு செய்தவர்களில் நம் பெரியவர்கள் பலர் இருந்தார்கள். இன்று எவரும் எழுதலாம் என்கிற களஞ்சியம், ஆதாரம் வேண்டும் என்று கேட்கிறபோது, நூறு வருஷத்துக்கு முன் எடுத்த அந்த முடிவுகளைத்தான் திருப்பிப் படிக்கிறது. இதைச் சொல்லாமல் நம்முடைய விஷயம் அங்கே குறைவாக இருக்கிறதே என்று மட்டும் குறைப்பட்டுக்கொள்வது சரியாகாது.

ஆனால் நம் வீட்டுக்குள்ளேயும் ஒரு கோடு உண்டு. கூடத்தில் இருந்தவர்கள் அச்சில் ஏறினார்கள். சமையலறையில் இருந்தவர்கள் ஏறவில்லை. அந்தக் கோட்டைத் தாண்டிய ஒருவர் எஸ். மீனாக்ஷி அம்மாள். இளம் வயதில் கணவரை இழந்தவர். உறவுக்காரப் பெண்கள் கல்யாணமாகித் தூரதேசம் போய், சாம்பார்ப் பொடிக்கு எத்தனை மிளகாய், ரஸத்துக்கு எவ்வளவு புளி என்று அவருக்குக் கடிதம் எழுதிக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். தனித்தனியாகப் பதில் எழுதுவதற்கு ஒரு புத்தகமாகவே எழுதிவிடேன் என்று உறவினரான கே.வி. கிருஷ்ணஸ்வாமி ஐயர் சொன்னார். 1951ல் 'சமைத்துப் பார்' வந்தது. பம்பாயிலும் டெல்லியிலும் கல்கத்தாவிலும் நம் பெண்கள் ட்ரங்குப் பெட்டியில் புடவைக்கு நடுவே வைத்து எடுத்துப் போன புத்தகம். இன்று வத்தக்குழம்புக்கு ஆதாரம் என்ன என்று ஒருவர் கேட்டால் காட்டுவதற்குப் பக்கம் இருக்கிறது. அந்த அம்மாள் எழுதாமல் விட்டிருந்தால், கோடிப் பேர் தினமும் சாப்பிட்டாலும், விதிப்படி வத்தக்குழம்புக்கு ஆதாரமில்லை.

தமிழ் விக்கிப்பீடியாவின் கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2003ல் தொடங்கிய அதை ஆரம்ப காலத்தில் முன்நின்று வளர்த்தவர் இ. மயூரநாதன். யாழ்ப்பாணத்துக்காரர், கட்டடக் கலைஞர், அப்போது வளைகுடாவில் வேலை. ஆயிரக்கணக்கில் கட்டுரைகள் எழுதினார். 2015ஆம் ஆண்டுக்கான இயல் விருதைக் கனடா தமிழ் இலக்கியத் தோட்டம் அவருக்குக் கொடுத்தது. ஆரம்ப காலத்தில் முன்நின்று எழுதியவர்களில் ஈழத்தவர்கள் நிறையப் பேர் என்பதை நாம் கவனிக்க வேண்டும். 1981ல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 புத்தகங்களும் ஏடுகளும் போயின. ஆதாரம் காட்டு என்று கேட்டால் எரிந்துபோயிற்று என்று பதில் சொல்ல வேண்டிய ஜனங்கள் அவர்கள். 2005ல் அவர்களே 'நூலகம்' என்று ஓர் இணைய நூலகம் தொடங்கி, கிடைத்த பழைய புத்தகம், பத்திரிகை, கோயில் மலர் எல்லாவற்றையும் ஒளிவருடி ஏற்ற ஆரம்பித்தார்கள். களஞ்சியமும் அதன் ஆதாரமும் ஒரே சமயத்தில் கட்டப்பட்டன.

தமிழ்க் களஞ்சியத்தில் இன்று ஒன்றரை லட்சம் கட்டுரைகளுக்கு மேல் இருக்கின்றன. ஆங்கிலத்தில் 2025ல் எழுபது லட்சம் தாண்டியது. எண்ணிக்கையை வைத்து எடைபோடக் கூடாது என்பதற்கு ஒரு வேடிக்கை: ஆங்கிலத்துக்கு அடுத்து அதிகக் கட்டுரை எந்த மொழியில் தெரியுமா? பிலிப்பைன்ஸ் தீவுகளில் பேசும் செபுவானோவில். ஸ்வீடன்காரர் ஒருவர் எழுதிய நிரல் பட்டியல்களைப் பார்த்துத் தானாகவே லட்சலட்சமாகக் கட்டுரை உற்பத்தி செய்தது. மலை, ஏரி, பூச்சி எல்லாம் உண்டு. அங்கே உள்ள பாட்டிக்குத் தெரிந்தது அதில் எவ்வளவு இருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். ஸ்காட்லாந்தின் ஸ்காட்ஸ் மொழிக் களஞ்சியத்தில் பெரும் பகுதியை அந்த மொழியே தெரியாத ஓர் அமெரிக்கப் பையன் எழுதியிருந்தான் என்று 2020ல் தெரியவந்தது. கெட்ட எண்ணமில்லை. பன்னிரண்டு வயதில் ஆசையாக ஆரம்பித்தானாம். தடுப்பதற்கு அந்த மொழிக்காரர்கள் அங்கே இல்லை.

தமிழிலும் அப்படி ஒரு சோதனை வந்தது. 2009 வாக்கில் கூகுள் நிறுவனம் காசு கொடுத்து ஆட்களை வைத்து, மொழிபெயர்ப்புக் கருவியின் உதவியோடு ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழில் ஏற்றத் தொடங்கியது. அமெரிக்க சினிமா நட்சத்திரங்களும் மேல்நாட்டு சமாசாரங்களும் நீளநீளமாக வந்தன. தமிழ் என்று சொல்லக் கொஞ்சம் மனத்தைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டிய தமிழில். தமிழ்த் தன்னார்வலர்கள் சும்மா இருக்கவில்லை. எந்தத் தலைப்பு எங்களுக்கு வேண்டும் என்று நாங்கள் சொல்லுகிறோம், மொழியைத் திருத்தித் தாருங்கள் என்று பேசினார்கள். 2010ல் போலந்தில் நடந்த விக்கிப்பீடியர்களின் உலக மாநாட்டில் இதைப் புள்ளிவிவரத்தோடு முறையிட்டார்கள். பிறகு அந்தத் திட்டம் நின்றுவிட்டது.

அவர்களுக்குள் சண்டை இல்லாமலும் இல்லை. ஜ, ஷ, ஸ, ஹ எழுதலாமா கூடாதா என்று உரையாடல் பக்கங்களில் வருஷக்கணக்கில் வாதம் நடந்திருக்கிறது. ஜெர்மனியா செருமனியா என்று ஒரு கட்சி, எதிர்க்கட்சி. இந்தப் பத்திரிகையில் 'ஸ' போட்டால் ஆசிரியர் ஒன்றும் சொல்லுவதில்லை. அங்கே சொல்லுவார்கள். நமக்கு ஒட்டாத நடை என்று நம்மில் சிலர் ஒதுங்கிவிட்டதும் எனக்குத் தெரியும். ஒதுங்கினால் அந்த உரையாடலில் நம் பக்கத்துக் கை குறைகிறது, அவ்வளவுதான். எப்படி எழுதித் தேடினாலும் ஒரே பக்கத்துக்குக் கொண்டுபோய் விடும் 'வழிமாற்று' என்ற வசதியை வைத்து, பல இடங்களில் சமரசம் செய்துகொண்டிருக்கிறார்கள். சண்டை போட்டாலும் கதவைச் சாத்தாத வீடு.

இப்போது செயற்கை நுண்ணறிவு வந்திருக்கிறது. போனிடம் கேள்வி கேட்டால் வாயைத் திறந்து பதில் சொல்லும் இயந்திரங்கள் விழுங்கிய தீனியில் இந்தக் களஞ்சியம் முக்கியமான பங்கு. அங்கே இல்லாதது இயந்திரத்துக்கும் சுலபமாகத் தெரியாமல் போகிறது. பேரனுடைய பேரன் 'வரலாறு' பொத்தானை அழுத்திப் பார்க்கும் வசதிகூட அந்தப் பதிலில் இருக்குமோ இராதோ.

புனேயிலிருந்து திரும்பும் வழியில் பம்பாயில் இறங்கி, மாடுங்காவில் இருக்கும் என் அத்தையைப் பார்த்தேன். எண்பத்தெட்டு வயது. கல்யாணமானதும் வந்தவர், எழுபது வருஷமாக அங்கேதான். ஊஞ்சல், நலங்கு, சம்பந்தி ஏசல், பத்தியம், சீமந்தம் என்று ஒவ்வொன்றுக்கும் பாட்டு வைத்திருப்பவர். ஒரு காலத்தில் மாடுங்காவில் கல்யாணம் என்றால் அத்தைக்கு வண்டி வரும். இப்போது வருவதில்லை. மைக் செட்டுக்காரன் சினிமாப் பாட்டு போட்டுவிடுகிறான். பழைய டைரி ஒன்றில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார். எண்ணிப் பார்த்தேன், அறுபத்து மூன்று பாட்டு. ஓரம் நைந்து, சில பக்கங்களில் எண்ணெய்க் கறை.

இதைக் களஞ்சியத்தில் எழுத வேண்டுமே என்ற ஆசையில்தான் போனேன். ஆனால் டைரி ஆதாரமாகாது. அத்தை சொன்னார் என்பதும் ஆகாது. எங்காவது அச்சில் வந்திருக்க வேண்டும். நம் ஆசிரியருக்கு போன் செய்து கேட்டேன். அடுத்த நாலு இதழ்களில் இதழுக்கு நாலு பக்கம் ஒதுக்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். நம்முடையது போன்ற சங்கப் பத்திரிகையை நம்பத்தக்க ஆதாரம் என்று ஒப்புக்கொள்வார்களா என்பதில் அங்கே ஒரு வாதம் நடக்கும். நடக்கட்டும்.

அத்தை ஒரு நிபந்தனை போட்டார்.

"என் பேரைப் போடாதே. இதெல்லாம் என் பாட்டு இல்லே. பாதி என் மாமியார் சொல்லிக்கொடுத்தது. மீதி அவாத்துல பாத்திரம் தேய்க்க வந்தவ பாடினது. நான் கேட்டு எழுதிண்டேன்."

"அவா பேரு என்ன அத்தை?"

கொஞ்ச நேரம் யோசித்தார். மாமியார் பெயரைச் சொன்னார். இன்னொரு பெயர் ஞாபகம் வரவில்லை.

மெட்டு எழுத எனக்கு ஸ்வரஞானம் இல்லை. ஆகவே பாடச் சொல்லி என் போனில் பதிவு செய்தேன். இரண்டு நாளில் ஐம்பத்திரண்டு பாட்டு ஆயிற்று. பாக்கிப் பதினொன்றுக்கும் சாஹித்யம் டைரியில் சுத்தமாக இருக்கிறது. மெட்டு மறந்துவிட்டது என்கிறார். ஞாபகம் வந்தால் போன் செய்வதாகச் சொல்லியிருக்கிறார்.